மேலே கம்பளி, கீழே நுரை

எங்கள் கடைக்கு வருகிற கம்பளி ஷூக்களில் பாதிக்குத் தண்ணீரே வேண்டியதில்லை. காய்ந்த மண்ணைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, இன்சோலை உருவிக் காற்றாட வைத்து, லேஸை மட்டும் அலசிக் கோத்துக் கொடுத்தால் மாட்டிக்கொண்டு போகலாம். ஆனால் லாண்டரி நடத்துகிறவளே "இதைக் கழுவ வேண்டாம்" என்றால் கேட்பவருக்கு அது சோம்பலாகத்தான் படும். "நல்லா ஊற வச்சு, அடிச்சுத் தேய்ச்சுக் குடுங்கக்கா" என்பார்கள். கம்பளியை ஊற வைத்து அடித்துத் தேய்த்தால், பெரிய ஆள் கொடுத்த ஷூ குழந்தைக் காலுக்குத்தான் ஆகும். இதைச் சொல்லிச் சொல்லியே தொண்டை வற்றுகிறது. எழுதி வைத்துவிட்டால் படிக்கக் கொடுத்துவிடலாம்.

குன்னூரில் இந்தக் கடையைத் தொடங்கியவர் என் மாமனார். பக்கத்திலேயே வெலிங்டன். மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரும் ஸ்டாஃப் காலேஜும் இருக்கிற இடத்தில் டிரைகிளீனிங் கடைக்கு வேலைப் பஞ்சம் வராது. ஆபீஸர்களின் பிளேஸர், எஸ்டேட் மேனேஜர்களின் ட்வீட் கோட்டு, போர்டிங் பள்ளிப் பிள்ளைகளின் ஸ்வெட்டர், வீட்டுக்கு வீடு கம்பளிப் போர்வை. நான் கல்யாணமாகி வந்த புதிதில் மாமா எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் வேலை துவைப்பது இல்லை, கோட்டுக்குப் பிரஷ் போடுவது. குதிரைமயிர் பிரஷ், மேலிருந்து கீழே, ஒரே திசையில், அழுத்தாமல். "கோட்டுத் துணி தண்ணியப் பாக்காத வரைக்கும்தாம்மா நம்ம பேச்சக் கேக்கும்" என்பார். பிரஷ், காற்று, ஆவி, அதற்கும் அசையாத அழுக்குக்குப் பெட்ரோல் வாஷ். இதற்குள் அவர் தொழில் முடிந்துவிடும்.

ஐரோப்பாவில் கம்பளி பூட்ஸும் வீட்டுக்குள் போடும் ஃபெல்ட் செருப்பும் பழைய சரக்குதான். ஆனால் கீழே நுரை அடிப்பாகமும் மேலே மெரினோ கம்பளியுமாக ஒரு ஸ்னீக்கரைச் செய்து ஊரெல்லாம் பேச வைத்தது ஆல்பேர்ட்ஸ். நியூசிலாந்தின் கால்பந்து வீரராக இருந்த டிம் பிரவுனும் ஜோயி ஸ்விலிங்கரும் சேர்ந்து 2016-ல் சான் பிரான்சிஸ்கோவில் விற்க ஆரம்பித்தார்கள். சிலிக்கான் வேலிக்காரர்கள் அதைக் கிட்டத்தட்டச் சீருடையாகவே ஆக்கிக்கொண்டார்கள். இங்கே ஹைதராபாத்தின் நீமன்ஸும் மெரினோ ஷூ கொண்டுவந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் அது நிறையத் தென்பட ஆரம்பித்தது 2020 கொரோனாவுக்குப் பிறகு. ஐ.டி. பிள்ளைகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மலையேறி, மாத வாடகைக்கு வீடு எடுத்து உட்கார்ந்தார்கள். காலில் சாம்பல் நிறத்தில், சாக்ஸ் போடாமல், இந்த ஷூ. தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் ஒரு ஐப்பசி நடந்தால் போதும், நேராக எங்கள் கவுன்ட்டருக்கு வந்துவிடும்.

முதல் சிக்கல் அங்கேதான். டிரைகிளீனிங் கடையில் இருக்கிற பெரிய ஆயுதம் பெட்ரோல் வாஷ். அதை இந்த ஷூவிடம் காட்டவே முடியாது. கம்பளிக்கு அது ஒத்துப்போகும். ஆனால் நடுவில் இருக்கிற பசை இளகும், அடியில் இருக்கிற நுரை உப்பிக் கோணிக்கொள்ளும். தண்ணீருக்கோ பசையும் நுரையும் அஞ்சாது, கம்பளிதான் அஞ்சும். மேலே ஆட்டு முடி, கீழே நுரை, நடுவில் பசை: மூன்றுக்கும் மூன்று குணம். ஒன்றுக்கு வைத்தியம் பார்க்கும்போது மற்ற இரண்டையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஷூ கழுவுகிற வேலை என்று இதில் இருப்பது அவ்வளவுதான்.

கம்பளி ஏன் அஞ்சுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். கம்பளி நம் தலைமுடி மாதிரியே கெராட்டின் என்கிற புரதம். மெரினோ முடி, நம் முடியின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஒவ்வொரு முடியின் மேலும் சீமை ஓடு வேய்ந்ததுபோலச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, நுனிப் பக்கமாகப் பார்த்தபடி இருக்கும். ஈரமும் சூடும் பட்டால் செதில் நிமிரும். அந்த நேரத்தில் தேய்த்தால் முடிகள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும். செதில் கொக்கி போட்டுக்கொள்வதால் முன்னே போன முடி பின்னே வராது. துணி சுருங்கி, தடித்து, அட்டையாகிவிடும். வேண்டுமென்றே செய்தால் ஃபெல்ட், வேண்டாமல் நடந்தால் நஷ்டம். இந்தச் செதிலை மழுக்கி, மேலே மெல்லிய பூச்சுக் கொடுத்து மெஷினில் போடத் தோதாக்கிய கம்பளியும் உண்டு. எந்த ஷூவில் எது இருக்கிறது என்பது வெளியே பார்த்தால் தெரியாது. அதனால் நான் எல்லாவற்றையும் செதில் உள்ள கம்பளியாகவே நினைத்துக் கை வைக்கிறேன்.

சுருங்கியது திரும்ப விரியுமா என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. ஒரு ஹோம்ஸ்டேயில் விருந்தாளியின் ஷூவைத் துணிமணியோடு சேர்த்து வெந்நீரில் போட்டு, டிரையரிலும் ஓட்டிவிட்டார்கள். கொண்டு வந்த பெண்ணுக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது. ஷூ முழுசாகத்தான் இருந்தது. இரண்டு சைஸ் இறங்கியிருந்தது. மூக்குப் பக்கம் கம்பளி சுருங்கி இழுத்ததில் அடிப்பாகம் படகு மாதிரி தூக்கிக்கொண்டிருந்தது, ஓரத்தில் பசை வாய் திறந்திருந்தது. தலைக்குப் போடும் கண்டிஷனரைக் கரைத்து நனைத்து மெல்ல இழுத்தால் ஸ்வெட்டராக இருந்தால் கொஞ்சம் கொடுக்கும். ஷூவில் இழுக்கிற இழுப்பைக் கம்பளி வாங்குவதில்லை, பசைதான் வாங்கும். "இது இனி ஆகாதும்மா" என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

"மெஷின்ல போடலாம்னு கம்பெனிக்காரனே சொல்றானே அக்கா?"

"போடலாம் தம்பி. எந்த மெஷின்ல?"

நிறுவனங்கள் சொல்வது பச்சைத் தண்ணீரில், மென்மையான ஓட்டத்தில், வலைப் பைக்குள் போட்டு, டிரையர் இல்லாமல். முன்பக்கம் கதவு வைத்த மெஷினில் கம்பளிக்கென்றே ஓர் ஓட்டம் இருக்கிறது. தொட்டிலை ஆட்டுகிற வேகத்தில் ஆட்டிவிட்டு நின்றுவிடும். அதில் போடுங்கள், தப்பில்லை. நம் வீடுகளில் பாதிக்கு மேல் இருப்பது மேலே மூடி வைத்த மெஷினும் இரண்டு தொட்டி செமி ஆட்டோமேட்டிக்கும். அடியில் தட்டு சுழன்று துணியை முறுக்குகிற இயந்திரத்தில் கம்பளிக்கு வேலை இல்லை. இருக்கிற மெஷின் எது என்று பார்க்காமல் அட்டையில் எழுதியதை மட்டும் படிப்பவர்களால்தான் என் கடை ஓடுகிறது. கையால் கழுவ ஐந்தாறு நிமிஷம் ஆகும். வலைப் பை தேடுகிற நேரத்தில் முடிந்துவிடும்.

சோப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். காரம் கம்பளிக்கு எதிரி, லேசான புளிப்பு நண்பன். வண்ணார் துறையில் வெள்ளை வேட்டிக்குப் போட்ட உவர்மண், சலவைச் சோடா, இன்றைக்கு வீட்டில் இருக்கிற நீலக் கட்டி சோப்பு, எல்லாம் காரம். பருத்திக்கு அமிர்தம், கம்பளிக்கு நஞ்சு. கறையைத் தின்னும் என்று விளம்பரம் செய்கிற பவுடர்களில் என்சைம் இருக்கும். அதில் ஒரு வகை புரதத்தை அரிப்பதற்கென்றே சேர்ப்பது. ரத்தக் கறையும் புரதம், கம்பளியும் புரதம், இது ஷூ என்று அதற்குத் தெரியாது. பிளீச்சிங் திரவத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். நம்பாத பையன் ஒருவனுக்கு ஒரு துண்டுக் கம்பளி நூலை அதில் போட்டுக் காட்டினேன். மஞ்சளாகி, கூழாகி, கரைந்தே போனது. ஸ்வெட்டருக்கு என்று விற்கிற ஈஸி மாதிரி திரவம் போதும். அரை வாளித் தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன், அதற்கு மேல் ஊற்றினால் அலசிப் போக்குவது பெரும்பாடு. மாமா காலத்தில் பூந்திக்கொட்டையை உடைத்து ஊற வைத்து வடிகட்டின தண்ணீர்தான். இன்றைக்கும் பட்டுக்கும் சால்வைக்கும் எனக்கு அதுவே பிடிக்கும். வெளிர் நிற ஷூவுக்கு மட்டும் போட மாட்டேன்; லேசாகப் பழுப்பு ஏற்றும்.

தண்ணீரில் எங்களுக்கு ஒரு கொடுப்பினை. ரேலியா அணையிலிருந்து வருகிற மலைத் தண்ணீர், உப்பு கிடையாது. சோப்பு விட்டால் நுரைக்கும், அலசினால் போய்விடும். சமவெளியில் போர் தண்ணீரில் கழுவுகிறவர்கள் கடைசி அலசலுக்காவது குடிக்கிற தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். உப்பும் சோப்பும் சேர்ந்து முடிக்குள் படையாக உட்கார்ந்தால் காய்ந்த பிறகு ஷூ விறைப்பாக இருக்கும், தொட்டால் சொரசொரக்கும். எங்களுக்கு இருக்கிற தொல்லை வேறு. மார்கழியில் குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துவிடும். சோப்பு வேலை செய்ய வேண்டுமே என்று வெதுவெதுப்பாக்கிக் கழுவிவிட்டு, அலசும்போது குழாயடியில் நேராகக் காட்டினால் அந்தத் திடீர்க் குளிர்ச்சியும் கம்பளிக்கு ஆகாது. கழுவுகிற தண்ணீரும் அலசுகிற தண்ணீரும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும். முழங்கையை விட்டுப் பார்ப்பேன். பிள்ளைக்கு ஊற்றுகிற சூடுகூட வேண்டாம், குளிர் விட்டிருந்தால் சரி.

ஷூ வந்ததும் முதலில் லேஸை உருவுவேன், இன்சோலை எடுப்பேன், பிறகு ஒரு நூல். உள்பக்கத் தையல் ஓரத்தில் ஊசியால் ஒரு இழையை இழுத்து, தீக்குச்சியைக் காட்டுவேன். முடி பொசுங்குகிற நாற்றம் வந்து, தீயை எடுத்ததும் அணைந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிச் சுருண்டு கடினமான மணியாக நின்றால் பாலியஸ்டரோ அக்ரிலிக்கோ. ஊட்டிக்கு வருகிறவர்கள் கம்பளி என்று ஆசையாக வாங்கிப் போகிற ஸ்வெட்டர்களில் நிறைய இந்தச் சோதனையில் மணியாகிவிடும். ஷூவிலும் அதே கதை உண்டு. கம்பளி இல்லை என்று தெரிந்தால் எனக்கு நிம்மதி, தைரியமாகத் தேய்ப்பேன். வாடிக்கையாளரிடம் சொல்லுவதுதான் சங்கடம். வெளியூர்க் கடையில் பெரிய விலை கொடுத்து வாங்கியிருப்பார்.

நிறம் விடுகிறதா என்று ஈர வெள்ளைத் துணியை உள்பக்கம் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் வாளிப் பக்கம் போவது. ஷூவை முக்கி ஊற வைப்பதில்லை. தலைகீழாகப் பிடித்து மேல்பாகம் மட்டும் நனையும்படி சோப்புத் தண்ணீரில் இறக்கி, கடற்பாசி மாதிரி இருக்கும் ஸ்பாஞ்சால் அழுத்தி எடுப்பது. தேய்ப்பு கிடையாது, அழுத்துவதும் விடுவதும்தான். அழுத்தினால் தண்ணீர் உள்ளே போகும், விட்டால் அழுக்கோடு வெளியே வரும். முதல் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே ஆள் எங்கே நடந்தார் என்று சொல்லிவிடலாம்: செங்கல் நிறம் என்றால் தேயிலைத் தோட்டம், கறுப்புச் சாம்பல் என்றால் பெங்களூர் ரோடு. மூக்குப் பக்கமும் குதிகால் விளிம்பும்தான் மிக மோசமாக இருக்கும். குதிகாலில் உள்விளிம்பு பளபளவென்று கறுத்திருப்பது மண் இல்லை, தோல் எண்ணெய். அங்கே சோப்புத் திரவத்தை ஒரு சொட்டு நேராக விட்டு விரல் நுனியால் தட்டிக் கொஞ்ச நேரம் விட வேண்டும். அடிநுரையின் வெள்ளை ஓரத்துக்குப் பழைய டூத் பிரஷ்ஷும் ஆப்ப சோடாவும். ஆனால் கம்பளியும் நுரையும் சேர்கிற இடத்தில் டேப் ஒட்டிக்கொண்டு செய்ய வேண்டும், சோடா காரமல்லவா. இரண்டு தரம் அலசல். கடைசி அலசலில் அரை வாளிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் வெள்ளை வினிகர். மிச்சமிருக்கிற காரத்தை அது அடக்கிவிடும், செதிலும் படியும். வினிகர் வாசனை காயும்போது போய்விடும்.

ஒரு மூலையில் மட்டும் கறை என்று அந்த இடத்தை மட்டும் நனைத்துத் துடைப்பது பலர் செய்கிற காரியம். காய்ந்ததும் நனைந்த எல்லை ஒரு கோடாக நிற்கும், வெளிர்ச் சாம்பல் நிறத்தில் அப்பட்டமாகத் தெரியும். ஒரு பக்கத்தில் கறை இருந்தாலும் தையலிலிருந்து தையல் வரை அந்தப் பாகம் முழுவதையும் ஈரப்படுத்திவிட்டால் கோடு தையலுக்குள் ஒளிந்துகொள்ளும்.

கழுவுவதைவிடக் காய வைப்பதில்தான் தொழில் இருக்கிறது. ஊட்டிக்கு ஆடி மழை என்றால் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழை. வடகிழக்குப் பருவக்காற்று குன்னூர்ச் சரிவில் மோதி நாள் கணக்கில் கொட்டும். கொட்டாத நேரத்தில் மேகமே வாசல் வழியாக வீட்டுக்குள் வந்து உட்காரும். துணி காயாது, சுவர் காயாது, உப்பு டப்பாவில் உப்பே தண்ணீராகும். அந்த மாதங்களில்தான் ஷூக்களும் வரிசையாக வரும். கணப்புச் சட்டிப் பக்கத்தில் வைத்தால் சீக்கிரம் காயுமே என்று எல்லோருக்கும் தோன்றும். வைத்தால் நெருப்பைப் பார்த்த பக்கம் சுருங்கும், பார்க்காத பக்கம் ஈரமாகவே இருக்கும், பசை விடும், புகை வாடை ஏறும். ஹீட்டருக்கும் ஹேர் டிரையருக்கும் இதே பதில்தான். வெயில் அடித்தால் நேர் வெயிலும் வேண்டாம். ஆறாயிரம் அடி உயரத்துச் சூரியன் குளிருக்கு இதமாக இருக்கும், வெள்ளைக் கம்பளியையும் நுரையையும் சத்தமில்லாமல் மஞ்சளாக்கிவிடும்.

நான் செய்வது இது. கழுவினதும் பிழியாமல் கனத்த பூத்துவாலையில் சுற்றி, உள்ளங்கையால் அழுத்தி ஈரத்தை எடுத்துவிடுவேன். துவாலை கனக்கும், ஷூ பாதி இலேசாகும். ஈரக் கம்பளிக்கு வலு குறைவு, இழுத்த பக்கம் நீளும். அதனால் இந்தச் சமயத்தில்தான் வடிவத்தைக் கையால் சரி செய்ய வேண்டும். உள்ளே விரல் விட்டு மூக்கைத் தூக்கி, நாக்கை நேராக்கி, குதிகாலை நிமிர்த்தி, பழைய வெள்ளை வேட்டித் துணியைச் சுருட்டி உள்ளே திணிப்பேன், நெருக்காமல். நியூஸ்பேப்பரும் ஈரம் குடிக்கும், கறுப்பு ஷூவுக்குப் போடலாம். வெளிர் நிறத்துக்குள் போட்டால் அச்சு மை உள்ளே இறங்கி, போடுகிறவர் கால் வரைக்கும் வந்துவிடும். சில மணி நேரத்துக்கு ஒருதரம் துணியை மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் அந்த ஈரத் துணியே ஷூவை நனைத்து வைத்திருக்கும். பிறகு கம்பி வலைத் தட்டில், பக்கவாட்டில் படுக்க வைத்து, டேபிள் ஃபேனைத் தூரத்தில் வைத்து ஓட விடுவது. காற்று அடிப்பாகத்துக்கும் போக வேண்டும். தரையில் வைத்தால் நுரைக்கும் கம்பளிக்கும் நடுவில் இருக்கிற ஈரத்துக்குப் போக வழி இல்லை; அந்த ஈரம்தான் பிற்பாடு முடை நாற்றமாக வருகிறது.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் கையில் ஈரம் தெரியாமல் இருக்கக்கூடியது கம்பளி. ஆட்டுக்கு அது வரம், லாண்டரிக்கு அது ஏமாற்று. தொட்டால் காய்ந்தது என்று கை சொல்லும், கவரில் போட்டுக் கட்டி அனுப்பினால் மூன்றாம் நாள் போன் வரும். அதனால் நான் தராசை நம்புகிறேன். பலகாரத்துக்கு மாவு நிறுக்கிற சின்ன டிஜிட்டல் தராசு. ஷூ வந்ததும் லேஸ், இன்சோல் இல்லாமல் ஒவ்வொரு காலையும் தனியாக நிறுத்து, டோக்கன் துணியில் எழுதிக் கண்ணியில் கட்டிவிடுவேன். வண்ணார்கள் சேங்கொட்டை மையில் துணிக்குக் குறி போட்டது மாதிரி, ஷூவுக்கு நாங்கள் எழுதுகிற குறி அதன் எடை. கழுவின பிறகு நிறுத்தால் எகிறியிருக்கும், தினமும் இறங்கும், பழைய எண்ணுக்குப் பக்கத்தில் வந்து, அதற்குமேல் இறங்காமல் நின்றால் காய்ந்தது என்று அர்த்தம். சில நேரம் பழைய எண்ணுக்கும் கீழே போகும். அது கழுவிப் போன மண்ணின் எடை. "ஆறு கிராம் மண்ணைச் சுமந்துக்கிட்டு நடந்திருக்கீங்க" என்று சொன்னால் பிள்ளைகளுக்கு அதில் ஒரு சந்தோஷம். வீட்டில் கழுவுகிறவர்களும் இதைச் செய்யலாம்; கன்னத்தில் வைத்துப் பார்ப்பது அடுத்தபடி. கன்னத்துக்கு ஜில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இன்னும் இருக்கிறது.

நனைந்த கம்பளியில் ஒரு ஆட்டு வாடை வரும். பயப்பட வேண்டாம், அது கம்பளியின் சொந்த வாசனை, காய்ந்தால் அடங்கும். அழுகின வாடையாக வந்தால் குற்றவாளி பெரும்பாலும் இன்சோல். கம்பளி வேர்வையை வாங்கி வாடையை அடக்கி வைக்கும், அதனால்தான் சாக்ஸ் இல்லாமல் போடலாம் என்கிறார்கள். ஆனால் கம்பளிக்குக் கீழே இருக்கிற நுரை எதையும் அடக்காது. இன்சோலைத் தொட்டித் தண்ணீரில் போடாமல் ஈரத் துணியில் சோப்புத் தொட்டுத் துடைத்து, அடிப்பக்கம் மேலே தெரிய நிழலில் வைக்க வேண்டும். மேலே உலர்ந்த ஆப்ப சோடாவைத் தூவி ராத்திரி விட்டுக் காலையில் தட்டிவிட்டால் புளிச்ச வாடை போகும். அதற்கும் போகவில்லை என்றால் புது இன்சோல் வாங்கச் சொல்லிவிடுவேன். ஷூவின் ஆயுள் அதனால் கூடும். தினமும் அதே ஜோடியைப் போடாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் இந்தப் பேச்சே எழாது.

கறைகளில் எங்கள் ஊருக்கென்று இரண்டு. மழைக்காலத்தில் அட்டை கடித்த ரத்தம் முதலாவது. அட்டை கடித்த இடத்தில் ரத்தம் சட்டென்று உறையாது, ஷூவுக்குள் வடிந்துகொண்டே இருக்கும். பச்சைத் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஒற்றி எடுக்க வேண்டும். வெந்நீர் பட்டால் ரத்தம் வெந்து முடியோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது தேயிலைத் தோட்டத்துச் செம்மண். ஈரமாக இருக்கும்போது துடைக்கக் கை பரபரக்கும். துடைத்தால் மேலே இருந்த மண் முடிக்குள் போய்விடும். காயட்டும் என்று விட்டு, மறுநாள் பிரஷ் போட்டால் தூசியாகக் கொட்டிவிடும். கறைக்கு மேலே கறை என்றால் சாம்பார். மஞ்சள் கம்பளிக்குச் சாயமாகவே ஏறக்கூடியது, காரச் சோப்புப் பட்டால் சிவக்கவும் செய்யும். அதை முழுக்க எடுத்துத் தருகிறேன் என்று நான் வாக்குக் கொடுப்பதில்லை. மஞ்சள் சாயம் வெளிச்சத்தில் வெளிறும் என்பதால், நேர் வெயில் கூடாது என்ற விதியை அந்த இடத்துக்கு மட்டும் கொஞ்சம் தளர்த்தி, மற்ற பாகத்தைத் துணியால் மூடி, காலை வெயிலில் காட்டுவேன்.

மாமாவின் குதிரைமயிர் பிரஷ்ஷுக்கு இப்போது அதிக வேலை ஷூவில்தான். கோட்டுப் போடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். வாரத்துக்கு ஒருதரம் ஒரு நிமிஷம் பிரஷ் போட்டு, மடிகிற இடத்தில் கெட்டில் ஆவியைத் தூரத்தில் காட்டி விரலால் நீவிவிட்டால் அமுங்கின முடி எழும்பும், சுருக்கம் மறையும். உரசுகிற இடத்தில் சின்னச் சின்ன உருண்டைகள் திரளும். பிய்த்து எடுத்தால் கூடவே நல்ல முடியும் வரும். அதற்கென்று விற்கிற சின்ன ஷேவரால் மேலோடு சிரைத்துவிடலாம்.

எடுத்து வைக்கும்போது அந்துப்பூச்சியை நினைத்துக்கொள்ள வேண்டும். பூச்சி தின்பதில்லை, அதன் புழு தின்கிறது. அதுவும் வேர்வையும் எண்ணெயும் பட்ட கம்பளி என்றால் விருந்து. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, மெரினோ ரத்தமும் கலந்த நீலகிரி ஆட்டை அங்கே வளர்க்கிறார்கள். கம்பளிக்கு இவ்வளவு பழகின மலையில் அந்துப்பூச்சிக்கும் பல தலைமுறைப் பழக்கம் இருக்குமே. அந்துருண்டையை நேராகக் கம்பளிமேல் போடாமல் துணியில் முடிந்து, பெட்டியை இறுக மூடினால்தான் பலன்; திறந்த அலமாரியில் போட்டால் நமக்குத் தலைவலி, புழுவுக்கு ஒன்றுமில்லை. புழு வந்துவிட்டது என்று தெரிந்தால் பாலிதீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி, ஃபிரீசரில் ஒரு வாரம் வைத்துவிடுங்கள். வீட்டில் இருக்கிற பெரியவர்களிடம் முதலில் சொல்லிவிட்டு.

கம்பளி ஷூ போகிற வழி எப்போதும் ஒன்றுதான்: கட்டைவிரலுக்கு மேலே ஒரு ஓட்டை. பட்டாணி அளவில் இருக்கும்போது கொண்டுவந்தால், உள்ளே மெல்லிய கம்பளித் துணி வைத்து, அதே நிறக் கம்பளி நூலில் குறுக்கும் நெடுக்குமாக இழையோட்டி, ஆவி காட்டித் தட்டிவிடுவேன்; நின்று பார்த்தால் தெரியாது. நெல்லிக்காய் அளவுக்கு விட்டுக் கொண்டுவந்தால் ஒட்டுப்போட்டது தெரியும். கம்பளி மட்டம், கம்பெனி மட்டம் என்று ஓட்டையைக் காட்டிப் புலம்பிய ஒரு பையனின் காலைப் பார்த்தேன்.

"தைச்சுத் தர்றேன் தம்பி. வாங்க வர்றதுக்குள்ள அந்த நகத்தை வெட்டிடுங்க."